செய்தி போய்ச் சேர்ந்ததா?

1975-ஆம் ஆண்டு அக்கோயுன்லு, ஏகநாதம், ஹியூபர் என்ற மூன்று கணினி ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையில் இரண்டு ரவுடிக் கும்பல்கள் வருகின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய வேலையை முடிக்கத் திட்டம் போட்டிருக்கின்றன. ஒரே நேரத்தில் இறங்கினால்தான் காரியம் நடக்கும். ஒன்று மட்டும் தனியாகப் போனால் கூண்டோடு மாட்டிக்கொள்ளும். பேசிக்கொள்ள இருக்கும் ஒரே வழி ஆள் அனுப்புவது. அனுப்பிய ஆள் வழியில் பிடிபடலாம்.

முதல் கும்பல் “இன்று இரவு 9 மணி” என்று சொல்லி ஆளை அனுப்புகிறது. அவன் போய்ச் சேர்ந்தானா என்று தெரியாமல் எப்படிக் கிளம்புவது? சரி, “தகவல் கிடைத்தது” என்று இரண்டாம் கும்பல் பதிலுக்கு ஓர் ஆளை அனுப்புகிறது. இப்போது அந்தப் பதில் போய்ச் சேர்ந்ததா என்று இரண்டாம் கும்பலுக்குத் தெரியாது. “உங்கள் பதில் கிடைத்தது” என்று இன்னோர் ஆள். அவன் போய்ச் சேர்ந்தானா?

எத்தனை ஆள் போனாலும் இது தீராது என்று அந்தக் கட்டுரை காட்டியது. நிரூபணம் ரொம்பச் சின்னது. இந்தச் சிக்கலைத் தீர்க்கும் ஏதோ ஓர் ஏற்பாடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட ஏற்பாடுகளில் ஆட்கள் மிகக் குறைவாகத் தேவைப்படுவதை எடுத்துக்கொள்வோம். அதில் கடைசியாகப் போகும் ஆளும் பிடிபடலாம். அவனை அனுப்பிய கும்பலுக்கு அவன் கதி தெரியப்போவதில்லை. அவனை அனுப்பியபின் அது கிளம்பித்தான் ஆகவேண்டும். அது கிளம்பிவிடும் என்பதால், அவன் வராவிட்டாலும் மற்ற கும்பலும் கிளம்பித்தான் ஆகவேண்டும். அப்படியானால் அந்தக் கடைசி ஆள் எதற்கு? அவன் இல்லாமலே வேலை நடக்கிறதே! ஆனால் நாம் எடுத்துக்கொண்டதே மிகக் குறைந்த ஆட்கள் உள்ள ஏற்பாடு. ஆக, அப்படி ஓர் ஏற்பாடே இருக்க முடியாது.

1978-இல் ஜிம் கிரே என்ற தரவுத்தள அறிஞர் இந்த ரவுடிகளை ராணுவத் தளபதிகளாகப் பதவி உயர்த்தினார். அன்று முதல் ‘இரு தளபதிகள் சிக்கல்’ என்ற பெயரில் கணினி மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள்.

ரவுடிகள் எப்படிப் போனால் நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. ஆன்லைனில் ஒரு மிக்ஸி வாங்குகிறோம். ஆர்டர் எடுப்பது ஒரு மென்பொருள். குடோனில் எத்தனை மிக்ஸி இருக்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. பணம் பிடிப்பது, ஜிஎஸ்டி பில் போடுவது, கூரியருக்குச் சொல்வது, நம் போனுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது எல்லாம் வேறு வேறு மென்பொருள்கள். வேறு வேறு சர்வர்களில், பல சமயம் வேறு வேறு நிறுவனங்களில் ஓடுபவை. அவற்றுக்கு நடுவில் இருப்பது நெட்வொர்க். நெட்வொர்க்கில் போகும் செய்தி எந்த நேரமும் தொலையலாம்.

“இந்தக் கணக்கில் 500 ரூபாய் கழித்துவிடு” என்று ஒரு சர்வர் இன்னொன்றுக்குச் சொல்கிறது. பதில் வரவில்லை. மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். செய்தியே போய்ச் சேரவில்லை, பணம் கழியவில்லை. அல்லது பணம் கழிந்துவிட்டது, பதில்தான் தொலைந்தது. அல்லது அந்தச் சர்வர் இன்னும் வேலையை முடிக்கவில்லை. அனுப்பியவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்: அமைதி.

இந்த நிச்சயமின்மையைப் போக்க முடியாது. 1975-இலேயே கதவைச் சாத்திவிட்டார்கள். ஆனாலும் சம்பளம் ஏறுகிறது, டிக்கெட் பதிவாகிறது, மிக்ஸி வீடு வந்து சேர்கிறது. முடியாது என்று நிரூபிக்கப்பட்ட ஒன்றைச் சுற்றிக்கொண்டு போக வழி கண்டவை செய்திப் பரிமாற்ற மென்பொருள்கள். இரண்டு மென்பொருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து வேலை பார்ப்பதால் துறைக்காரர்கள் மிடில்வேர் என்பார்கள். பயன்படுத்துபவர் கண்ணில் அவை படுவதே இல்லை.

கம்பிகளின் காடு

தொடக்கத்தில் பிரச்சினை வேறு மாதிரி இருந்தது. ஒரு நிறுவனத்தில் 10 மென்பொருள்கள். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் நேரடியாகப் பேசவேண்டும் என்றால் 45 இணைப்புகள் தேவை. 50 மென்பொருள்கள் என்றால் 1,225. ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக நிரல் எழுதவேண்டும். ஒன்றை மாற்றினால் அதோடு பேசும் எல்லாவற்றையும் தொடவேண்டும்.

மும்பையில் பிறந்து அமெரிக்கா சென்று படித்த விவேக் ரணதிவே 1980-களின் நடுவில் இதற்கு ஒரு யோசனை வைத்திருந்தார். அன்றைய கணினியின் உள்ளே பாகங்கள் தனித்தனிக் கம்பிகளால் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளவில்லை. எல்லாம் ‘பஸ்’ எனப்படும் ஒரு பொதுத் தடத்தில் செருகப்பட்டிருந்தன. மென்பொருள்களுக்கும் அப்படி ஒரு தடம் போட்டால் என்ன? ‘தி இன்ஃபர்மேஷன் பஸ்’ பிறந்தது. முதல் வாடிக்கையாளர்கள் வால் ஸ்ட்ரீட் நிறுவனங்கள். கோல்ட்மன் சாக்ஸ் அவற்றில் ஒன்று. அன்று பங்கு வர்த்தகர்களின் மேசைகளில் ஒவ்வொரு விலைத் தகவல் நிறுவனத்துக்கும் ஒரு திரை என்று வரிசையாக நிற்கும். அவற்றை ஒன்றாக்கியது இந்தப் பஸ்.

வேலை செய்யும் விதம் எளிது. விலை சொல்லும் மென்பொருள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “இன்ன பங்கு, இன்ன விலை” என்று ஒரு தலைப்பின் கீழ் அறிவித்துவிட்டுப் போகிறது. அந்தத் தலைப்பு வேண்டும் என்று சொல்லிவைத்தவர்கள் எல்லோருக்கும் அது போகிறது. நாளைக்குப் புதிதாக ஒரு மென்பொருள் வந்து கேட்கத் தொடங்கினால், அறிவிப்பவருக்கு அது தெரியவேண்டிய அவசியமே இல்லை. 1994-இல் ராய்ட்டர்ஸ் ரணதிவேயின் நிறுவனத்தை வாங்கியது. 1997-இல் ரணதிவே டிப்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தப் பெயருக்குள்ளும் அதே பஸ் இருக்கிறது.

பங்கு விலைக்கு ஒரு வசதி உண்டு. ஒரு விலை தொலைந்தால் அடுத்த நொடி புது விலை வந்துவிடும். பழையது யாருக்கும் வேண்டாம். பணப் பரிமாற்றம் அப்படியில்லை. ஒரே ஒரு செய்தி தொலைந்தாலும் யாரோ ஒருவரின் சம்பளம் காணாமல் போகும். அந்தத் தேவைக்காக 1993-இல் ஐபிஎம் வெளியிட்டதுதான் எம்க்யூசீரிஸ். இங்கிலாந்தில் ஹர்ஸ்லி என்ற ஊரில் உள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் உருவானது. இன்று அதன் பெயர் ஐபிஎம் எம்க்யூ. 30 ஆண்டுகள் கடந்தும் வங்கிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

எழுதிவைத்த பிறகே பதில்

ஒரு செய்தி இப்படிப்பட்ட மென்பொருளுக்குள் நுழைந்ததும் என்ன நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

அனுப்பும் மென்பொருள் செய்தியைக் கொடுக்கிறது. நடுவில் இருப்பவர், அதாவது புரோக்கர், அதை வாங்கியதும் முதலில் வன்வட்டில் எழுதுகிறார். எழுதி முடித்த பிறகுதான் “வாங்கிக்கொண்டேன்” என்கிறார். இந்த வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால், சொன்னதற்கும் எழுதியதற்கும் நடுவில் கரண்ட் போனால் செய்தி அம்போ. சில மென்பொருள்கள் இன்னும் இரண்டு சர்வர்களில் நகல் வைத்த பிறகே ஒப்புக்கொள்கின்றன. ஒப்புதல் கிடைத்துவிட்டால் அனுப்பியவர் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். பெறுபவர் அப்போது விழித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பில் போடும் சர்வர் பழுதாகி இரண்டு மணி நேரம் கிடந்தாலும் ஆர்டர் எடுப்பது நிற்காது. செய்திகள் வரிசையில் காத்திருக்கும்.

அடுத்தது விநியோகம். புரோக்கர் செய்தியைப் பெறுபவரிடம் கொடுத்த உடனே அழித்துவிடுவதில்லை. ஒப்புகை அட்டையோடு அனுப்பிய பதிவுத் தபால் மாதிரி, கையெழுத்தாகி அட்டை திரும்பி வரும்வரை நகலைக் கையில் வைத்திருக்கிறார். பெறுபவர் வேலையை முடித்து “ஆயிற்று” என்று சொன்ன பிறகே வரிசையிலிருந்து நீக்குகிறார். பெறுபவர் நடுவில் விழுந்துவிட்டால், அதே செய்தி மறுபடி வரிசைக்கு வந்து இன்னொருவரிடம் போகும்.

அனுப்பும் பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஆர்டர் மென்பொருள் இரண்டு வேலை செய்யவேண்டும்: தன் தரவுத்தளத்தில் ஆர்டரைப் பதிவது, வரிசைக்குச் செய்தி போடுவது. முதலாவதை முடித்து இரண்டாவதற்குப் போகும் முன் விழுந்துவிட்டால்? ஆர்டர் பதிவாகியிருக்கும், குடோனுக்குத் தகவல் போயிருக்காது. இதற்கான வழி தந்திரமானது. அனுப்பவேண்டிய செய்தியையும் அதே தரவுத்தளத்திலேயே ஒரு தனி அட்டவணையில், ஆர்டரோடு சேர்த்து ஒரே பரிவர்த்தனையாக எழுதிவிடுவார்கள். எழுதினால் இரண்டும் எழுதப்படும். இல்லையென்றால் இரண்டும் இல்லை. ஒரு சின்ன நிரல் அந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டே இருந்து, செய்திகளை எடுத்து வரிசையில் போடும்.

இரண்டு தடவை வந்தால்?

இத்தனை ஏற்பாட்டுக்கும் ஒரு விலை உண்டு. பெறுபவர் பணத்தைக் கழித்துவிட்டார். “ஆயிற்று” என்று சொல்லும் முன் விழுந்துவிட்டார். புரோக்கருக்குத் தெரிந்தது ஒப்புகை வரவில்லை என்பது மட்டும். செய்தியை மறுபடி அனுப்புவார். மறுபடி 500 ரூபாய் கழியும்.

மறுபடி அனுப்பாமல் இருந்தால் சில செய்திகள் தொலையும். அனுப்பினால் சில செய்திகள் இரட்டிப்பாகும். நெட்வொர்க் மட்டத்தில் மூன்றாவது வழி கிடையாது. ஆகவே வணிகத் துறை தொலைவதைவிட இரட்டிப்பதே மேல் என்று தேர்ந்தெடுத்தது. இரட்டிப்பால் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பெறுபவரிடம் விட்டது.

எப்படி? ஒவ்வொரு செய்திக்கும் அனுப்பும்போதே ஓர் அடையாள எண். பெறுபவர் பணத்தைக் கழிக்கும் அதே பரிவர்த்தனையில் “இந்த எண் முடிந்தது” என்றும் எழுதிவைப்பார். அதே எண் மறுபடி வந்தால் பட்டியலைப் பார்ப்பார், ஏற்கெனவே இருக்கிறது. பணத்தைத் தொடாமல் “ஆயிற்று” என்று மட்டும் பதில் சொல்வார். செய்தி பத்துத் தடவை வந்தாலும் பணம் ஒரு தடவைதான் கழியும். லிஃப்ட் பொத்தானை எத்தனை பேர் அழுத்தினாலும் லிஃப்ட் ஒரு தடவைதானே வருகிறது; அந்தக் குணத்தைப் பணத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

2017-இல் காஃப்கா என்ற மென்பொருள் ‘சரியாக ஒரே தடவை’ என்ற வசதியை அறிவித்தபோது, நிரூபிக்கப்பட்ட தேற்றத்தை மீறிவிட்டார்களா என்று துறையில் பெரிய விவாதமே நடந்தது. மீறவில்லை. செய்திகள் அதிலும் மறுபடி மறுபடி அனுப்பப்படத்தான் செய்கின்றன. அனுப்புபவரின் எண்ணையும் வரிசை எண்ணையும் ஒட்டி அனுப்பி, இரண்டாவது நகலை உள்ளே விடாமல் தடுக்கிறார்கள். தத்துவம் அதே பழைய அடையாள எண்தான்.

எல்லாச் செய்திக்கும் இவ்வளவு பாதுகாப்பு தேவையும் இல்லை. 1999-இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க எம்க்யூடிடி என்ற முறையை வடிவமைத்தார்கள். அதில் ஒரு செய்தியின் முகப்புப் பகுதி மிகக் குறைந்தது 2 பைட்தான். அனுப்புபவர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: போனால் போகட்டும், குறைந்தது ஒரு தடவை, சரியாக ஒரு தடவை. கடைசி வகைக்கு ஒரு செய்திக்காக நான்கு பரிமாற்றங்கள் வேண்டும். இன்று வீட்டு விளக்கையும் தண்ணீர்த் தொட்டியையும் போனோடு இணைக்கும் பல கருவிகள் பேசுவது இந்த மொழியில்தான்.

வரிசையின் கணக்கு

2007-இல் வெளிவந்த ரேபிட்எம்க்யூ என்ற புரோக்கருக்குப் பின்னால் ஒரு வங்கியின் சலிப்பு இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் செய்தி மென்பொருள் இன்னொரு நிறுவனத்தினுடையதோடு பேசாது. எல்லாவற்றுக்கும் விலையும் அதிகம். 2003-இல் ஜேபி மோர்கன் சேஸ் வங்கியில் ஜான் ஓஹாரா, யார் வேண்டுமானாலும் பின்பற்றக்கூடிய ஒரு திறந்த நெறிமுறையை உருவாக்கத் தொடங்கினார். ஏஎம்க்யூபி என்ற அந்த நெறிமுறையைச் செயல்படுத்த எழுந்ததுதான் ரேபிட்எம்க்யூ. எழுதப்பட்ட மொழி எர்லாங். தொலைபேசி இணைப்பகங்களுக்காக ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் உருவான மொழி.

அந்தப் பெயருக்கு உரியவர் அக்னர் எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த கணித அறிஞர். எத்தனை இணைப்பு வைத்தால் வாடிக்கையாளர்கள் எவ்வளவு காத்திருப்பார்கள் என்பது அவருடைய அன்றாடக் கேள்வி. 1909-இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வரிசைக் கோட்பாடு என்ற கணிதத் துறை வளர்ந்தது.

அதிலுள்ள ஒரு முடிவு சாதாரண அறிவுக்கு எட்டாதது. ஒரு செய்தியைக் கவனிக்கச் சராசரியாக 1 நொடி ஆகிறது, செய்திகள் ஒழுங்கில்லாமல் வருகின்றன, கவனிப்பவர் ஒருவர்தான் என்று கொள்வோம். அவர் நேரத்தில் பாதிதான் வேலை என்றால், ஒரு செய்தி வந்து முடிந்து வெளியேறச் சராசரி 2 நொடி. 90 சதவீத நேரம் வேலை என்றால் 10 நொடி. 99 சதவீதம் என்றால் 100 நொடி! வேலை இரண்டு மடங்குகூட ஆகவில்லை. ஆகும் நேரம் 50 மடங்கு ஆகிவிட்டது. சர்வர்களை முழுமூச்சாக ஓட்டாமல் கொஞ்சம் சும்மா விட்டுவைப்பதை வீண் செலவு என்று நினைக்கும் மேலாளர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

100 சதவீதத்தைத் தாண்டினால் சூத்திரமே இல்லை. வரிசை வளர்ந்துகொண்டே போகும். தீபாவளி விற்பனையின் முதல் மணி நேரம் மாதிரியான திடீர் வெள்ளத்தை வரிசை தாங்கிக்கொள்ளும். நாள் முழுவதும் கொள்ளளவுக்கு மேல் வந்தால் எந்த வரிசையும் காப்பாற்றாது.

இன்னொரு விபரீதமும் உண்டு. ஒரு செய்தியிலேயே ஏதோ கோளாறு. அதைத் திறந்ததும் பெறுபவர் விழுந்துவிடுகிறார். ஒப்புகை வராததால் புரோக்கர் அதை அடுத்தவரிடம் கொடுக்கிறார், அவரும் விழுகிறார். ஒரே செய்தி ஒரு சர்வர் கூட்டத்தையே சாய்த்துவிடும். துறையில் இதற்கு நஞ்சுச் செய்தி என்று பெயர். சில தடவை முயன்று பார்த்துவிட்டு அதை ஒரு தனி வரிசையில் ஒதுக்கிவிடுவார்கள். மறுநாள் காலை ஒரு மனிதர் வந்து திறந்து பார்ப்பார்.

அழிக்காத பதிவேடு

2011-இல் லிங்க்ட்இன் நிறுவனம் பொதுவுக்குத் திறந்துவிட்ட காஃப்கா, வரிசை என்ற எண்ணத்தையே மாற்றியது. ஜே கிரெப்ஸ், புனேயைச் சேர்ந்த நேகா நார்கெடே, ஜுன் ராவ் ஆகியோர் இதை உருவாக்கினார்கள். இதில் படித்தவுடன் செய்தி அழிக்கப்படுவதில்லை. வந்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு பதிவேட்டின் கடைசியில் சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு வாசகரும் தான் எந்த வரி வரை படித்தோம் என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வார். பில் மென்பொருளில் பிழை இருந்தது இன்றுதான் தெரிந்தது என்றால், திருத்திவிட்டு மூன்று நாளுக்கு முந்தைய வரியிலிருந்து மறுபடி படிக்கலாம். வேறு எதுவும் சொல்லாவிட்டால் 7 நாள் செய்திகளை அது வைத்திருக்கும்.

கடைசியில் மட்டுமே எழுதுவதில் ஒரு வேக ரகசியம் இருக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்வட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8 மில்லி நொடிக்குமேல் ஆகும். தரவு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால், முள் இடம்விட்டு இடம் தாவி நொடிக்கு ஏறத்தாழ 100 முறை எழுதுவதற்குள் மூச்சுவாங்கும். அதே வட்டில் நேர்கோடாக எழுதிக்கொண்டே போனால் நொடிக்கு 100 மெகாபைட்டைத் தாண்டும். மெதுவானது என்று ஒதுக்கிய வட்டையே வைத்து இந்த வேகத்தை எடுத்தார்கள்.

ஆனால் ஒரே பதிவேட்டை ஒரு சர்வர் சுமக்க முடியாதபோது பல பகுதிகளாகப் பிரிக்கவேண்டும். பிரித்ததும் எல்லாச் செய்திகளுக்கும் பொதுவான வரிசை போய்விடும். ஒரே பகுதிக்குள் மட்டும் முன்னது முன், பின்னது பின். ஆகவே ஒரே கணக்கு எண்ணுள்ள செய்திகள் ஒரே பகுதிக்குப் போகும்படி செய்கிறார்கள். என் கணக்கில் பணம் போட்டது எடுத்ததற்கு முன்னால் வரவேண்டும். என்னுடையதுக்கும் உங்களுடையதுக்கும் நடுவில் எது முன் என்று யாருக்கும் கவலையில்லை.

மறுபடி அழுத்தும் முன்

2016-இல் தொடங்கிய யூபிஐயும் இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டதுதான். வங்கிகளும், யூபிஐயை நடத்தும் நேஷனல் பேமண்ட்ஸ் கார்ப்பரேஷனும் செய்திகளால் பேசிக்கொள்கின்றன. கோரிக்கை வந்ததும் “கிடைத்தது” என்று உடனே ஓர் ஒப்புகை போகும். பணம் போனதா இல்லையா என்ற முடிவு பிறகு தனிச் செய்தியாக வரும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓர் அடையாள எண் உண்டு. நம் திரையில் தெரியும் 12 இலக்க எண் அதைத் தேடிப் பிடிக்க உதவுவது. முடிவு வந்து சேராத அந்த இடைவெளிதான் திரையில் ‘பெண்டிங்’ என்று நிற்கிறது.

அப்போது பலரும் செய்வது, பொறுமையிழந்து மறுபடி பணம் அனுப்புவது. இங்கேதான் கவனம் வேண்டும். மென்பொருள் ஒரு செய்தியை மறுபடி அனுப்பும்போது பழைய எண்ணோடு அனுப்புகிறது. பெறுபவர் அடையாளம் கண்டு தள்ளிவிடுவார். நீங்கள் மறுபடி அனுப்பினால் அது புது எண். அமைப்பின் கண்ணுக்கு அது வேறொரு பரிவர்த்தனை. முதலாவதும் நடந்திருந்தால் இரண்டு தடவை பணம் போகும். அதை அடையாள எண் தடுக்காது.

நடுவில் நின்றுபோன பணத்துக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு வைத்திருக்கிறது. உங்கள் கணக்கில் கழிந்து இன்னொருவர் கணக்கில் சேராத யூபிஐ பணம் அடுத்த நாளுக்குள் திரும்ப வரவேண்டும். கடைக்காரருக்குச் செலுத்தி அவருக்கு உறுதி வராமல் போனால் 5 நாள். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய், நீங்கள் புகார் கொடுக்காமலேயே உங்கள் கணக்கில் சேர்க்கப்படவேண்டும். எனவே ‘பெண்டிங்’ என்று வந்தால் உடனே மறுபடி அனுப்பாதீர்கள். அந்த 12 இலக்க எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, முடிவு வரும்வரை காத்திருங்கள். கெடு தாண்டினால் அந்த எண்ணோடு உங்கள் வங்கியைக் கேளுங்கள்.